மனிதனைச் செய்தது வேற்றுக்கிரகவாசியா? நம் மரபணு சொல்லும் சாட்சி



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்கு ஆர்வம் வரும். இரண்டுமே நியாயம்தான். 'மனிதன் தானாக வளர்ந்து வரவில்லை. வானத்திலிருந்து இறங்கியவர்கள் தங்கள் மரபணுவைக் கலந்து நம்மைத் தயாரித்தார்கள்' என்று சொல்லும் வீடியோக்கள் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியில் தாராளமாகக் கிடைக்கின்றன. பார்த்துவிட்டுப் பிள்ளை வந்து, 'அப்பா, இது உண்மையா?' என்று கேட்கிறான். 'போய்ப் படிக்கிற வேலையைப் பார்' என்று விரட்டினால் அவன் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுவான். வீடியோவிடமே கேட்கத் தொடங்குவான். ஆகவே இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடவுள் உலகைப் படைத்தாரா என்பது வேறு கேள்வி. அது அவரவர் நம்பிக்கை. அதற்குள் நான் போகவில்லை. இன்று நாம் பேசப்போவது வேற்றுக்கிரகத்தில் வாழும் ஓர் இனம், சோதனைக்கூடத்தில் வேலை செய்வதைப் போல மனித மரபணுவில் கைவைத்ததா என்பதைப் பற்றி மட்டும். அது உடல் சம்பந்தப்பட்ட கேள்வி. கைவைத்திருந்தால் தடயம் இருக்கும். தடயத்தைத் தேடிப் பார்க்கலாம்.

கதை பிறந்த இடம்

இந்தக் கருத்து பழங்காலத்துச் செய்தி போலச் சொல்லப்பட்டாலும், இன்றைய வடிவம் மிகவும் புதியது. சுவிட்சர்லாந்தில் ஹோட்டல் நிர்வாகியாக இருந்த எரிக் வான் டேனிக்கன் என்பவர் 1968ல் ஒரு புத்தகம் எழுதினார். பழங்காலக் கோபுரங்களையும் பிரமிடுகளையும் காட்டி, 'இவற்றை மனிதன் தானாகக் கட்டியிருக்க முடியாது' என்பது அவர் வாதம். அது உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது.

1976ல் செக்கரியா சிட்சின் என்பவர் இன்னும் ஒரு படி மேலே போனார். நிபிரு என்ற கிரகத்திலிருந்து அனுனாக்கி என்னும் கூட்டம் பூமிக்குத் தங்கம் தோண்ட வந்தது. தோண்டுகிறவர்கள் வேலை கடினம் என்று கலகம் செய்தார்கள். அதனால் இங்கிருந்த ஆதிமனிதனோடு தங்கள் மரபணுவைக் கலந்து ஒரு கூலி இனத்தை உண்டாக்கினார்கள். அந்தக் கூலி இனம்தான் நாம் என்றார். சுமேரியர்களின் களிமண் பலகைகளில் இது எழுதியிருக்கிறது என்பது அவர் சொன்ன ஆதாரம்.

அந்தப் பலகைகளைப் படிக்கத் தெரிந்த அறிஞர்கள் அவருடைய வாசிப்பை ஏற்கவில்லை. அவர் சொன்ன நிபிரு கிரகத்தையும் வானியலாளர்கள் கண்டதில்லை. அப்படிப்பட்ட ஒரு பெரிய கிரகம் 3,600 ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே வந்து போனால் மற்ற கிரகங்களின் பாதையே கலைந்திருக்கும்.

ஆனால் மெசபடோமியாவின் பழைய களிமண் பலகைகளில் அதைப் போன்ற ஒரு கதை உண்மையிலேயே இருக்கிறது. தேவர்கள் கால்வாய் வெட்டிக் களைத்துப் போகிறார்கள். வேலையை நிறுத்துகிறார்கள். அந்தப் பாரத்தைச் சுமக்க, களிமண்ணோடு ஒரு தேவனின் இரத்தத்தைக் குழைத்து மனிதனைச் செய்கிறார்கள். இதில் விண்கலமும் இல்லை, சோதனைக்கூடமும் இல்லை. கால்வாய் வெட்டிப் பிழைத்த மக்கள், 'நாம் ஏன் இப்படி உழைத்துச் சாகிறோம்?' என்று தங்களையே கேட்டுக்கொண்டு சொன்ன பதில் அது.

இந்த ஸ்ரீ கெம்பாங்கானில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். இன்று 'தி மைன்ஸ்' ஏரியாகத் தண்ணீர் நிறைந்து கிடக்கும் இடம் ஒரு காலத்தில் மாபெரும் ஈயச் சுரங்கம். ஈயம் தோண்டச் சீனர்களை அழைத்து வந்தார்கள். பால்மரம் வெட்ட நம் பாட்டன், பூட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தார்கள். உழைக்க ஆள் வேண்டும் என்பதற்காக ஓர் இனத்தைக் கொண்டு வருவது நமக்குக் கதையல்ல, குடும்ப வரலாறு. அதைச் செய்தவர்கள் மனிதர்கள்தான்.

விஞ்ஞானிகள் சொன்னது வேறு

'பெரிய விஞ்ஞானிகளே இதைச் சொல்லியிருக்கிறார்களே' என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் காட்டுவது பிரான்சிஸ் கிரிக்கை. டி.என்.ஏ.வின் வடிவத்தை 1953ல் ஜேம்ஸ் வாட்சனோடு சேர்ந்து சொன்னவர் அவர். 1973ல் அவரும் லெஸ்லி ஓர்கெலும் ஒரு கட்டுரை எழுதியது உண்மை. ஆனால் அதில் அவர்கள் சொன்னது என்ன? பூமியின் முதல் நுண்ணுயிர்களை வேறொரு நாகரிகம் கலத்தில் வைத்து அனுப்பியிருக்கக்கூடுமா என்ற ஊகம் மட்டும்தான். அது நடந்திருந்தாலும் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மனிதனைத் தயாரித்தார்கள் என்று அவர்கள் சொல்லவே இல்லை.

கொழும்பில் பிறந்த சந்திர விக்கிரமசிங்கவும், பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹொய்லும் உயிர் விண்வெளியில் தோன்றி, வால்நட்சத்திரங்கள் வழியாகப் பூமிக்கு வந்தது என்று வாதிட்டார்கள். நம் பக்கத்து ஊரான கேரளத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. 2001 ஜூலையில் கோட்டயம் வட்டாரத்தில் சிவப்பு மழை பெய்தது. துணியெல்லாம் சிவந்தது. மழைத்துளியில் இருந்த சிவப்பு அணுக்கள் விண்வெளி உயிர்களாக இருக்கலாம் என்று கோட்ஃப்ரே லூயி, சந்தோஷ் குமார் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். உலகப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஆனால் கேரளத்து அரசு ஆய்வு நிலையங்கள் அந்த ஆண்டே கண்டுபிடித்துச் சொன்னது என்ன? அவை மரப்பட்டையிலும் பாறையிலும் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துகள். பின்னால் வந்த டி.என்.ஏ. ஆய்வும் அதையே உறுதி செய்தது.

விண்வெளிக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பென்னு என்னும் சிறுகோளிலிருந்து நாசா 2023ல் கொண்டுவந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14ம், மரபணு எழுத்துகளாகிய ஐந்து காரப் பொருள்களும் இருப்பதாக 2025ல் அறிவித்தார்கள். உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் விண்வெளியில் தானாகவே உண்டாகிறது என்பதை அது காட்டுகிறது. செங்கல் எங்கும் கிடைக்கும். செங்கல் கிடைத்தது என்பதற்காகக் கொத்தனார் வானத்திலிருந்து வந்தார் என்று ஆகாது.

கைவைத்தால் தழும்பு இருக்கும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு உயிரின் மரபணுவில் யாராவது வெளி மரபணுவை நுழைத்தால் அது தெரியுமா? தெரியும். அதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போக வேண்டாம்.

பக்கத்திலேயே செர்டாங்கில் மார்டி என்னும் விவசாய ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. நாம் சந்தையில் வாங்கும் 'எக்சோட்டிகா' பப்பாளி அங்கே உருவானது. ஹவாய் பப்பாளியையும் நம் நாட்டு சுபாங் பப்பாளியையும் கலந்து, பல தலைமுறை பொறுக்கி எடுத்து, 1987ல் வெளியிட்டார்கள். இது ஒட்டுச் சேர்க்கை போன்ற பழைய முறை. இதில் வெளி மரபணு எதையும் நுழைக்கவில்லை.

ஹவாய்த் தீவில் வேறு வழியில் போனார்கள். அங்கே வைரஸ் நோய் வந்து பப்பாளித் தோட்டங்கள் அழிந்தன. விஞ்ஞானிகள் அந்த வைரஸின் ஒரு மரபணுவையே எடுத்துப் பப்பாளிக்குள் செலுத்தினார்கள். 1998ல் அது விவசாயிகள் கைக்கு வந்தது. 2008ல் அந்தப் பப்பாளியின் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தபோது, வெளியிலிருந்து வந்த துண்டுகள் எந்தெந்த இடத்தில் நுழைந்திருக்கின்றன என்று துல்லியமாகக் காட்ட முடிந்தது. புடவையில் வேறு துணியை வைத்துத் தைத்தால் தையல் தெரிவது போலத்தான்.

2010ல் கிரேக் வென்டர் குழுவினர் ஒரு பாக்டீரியாவின் மரபணு முழுவதையும் இரசாயனத்தால் எழுதி ஓர் உயிரணுவுக்குள் வைத்தார்கள். இயற்கை உயிரோடு குழம்பிவிடக் கூடாதே என்று, ஆராய்ச்சியாளர்களின் பெயர்களையே டி.என்.ஏ. எழுத்தில் அடையாளமாக உள்ளே எழுதிவைத்தார்கள். ஆக, செய்தவன் கையெழுத்தைப் போட்டாலும் தெரியும், போடாவிட்டாலும் செருகிய துண்டின் தையல் தெரியும்.

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் செம்பனையைத் தெரியும். அந்தக் காலத்து டூரா வகையில் ஓடு தடித்திருக்கும், சதை குறைவு. பிறகு வந்த தெனெரா வகையில் ஓடு மெல்லியது, எண்ணெய் அதிகம். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஒரே ஒரு மரபணு என்பதை 2013ல் பாங்கியில் உள்ள மலேசியச் செம்பனை வாரியத்தின் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழுவின் முன்னணியில் இருந்தவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. செம்பனைக் குலையில் எந்த எழுத்து மாறியது என்று நம்மவர்களே படித்துச் சொல்லும் காலம் இது. அப்படியிருக்க, மனித மரபணுவில் ஒரு வேற்றுலகக் கை பட்டிருந்தால் இத்தனை ஆண்டாக யார் கண்ணிலும் படாமல் போகுமா?

நம் புத்தகத்தில் இருப்பது என்ன?

மனித மரபணுத் தொகுப்பு சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம். 2003ல் அதன் பெரும்பகுதியைப் படித்து முடித்தார்கள். விடுபட்ட பகுதிகளையும் சேர்த்து 2022ல் முழுமையாக்கினார்கள். சிம்பன்சியின் புத்தகத்தை 2005ல் படித்தார்கள். இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டபோது கிடைத்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, குரோமோசோம். நமக்கு 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, நம் சபா, சரவாக் காட்டு ஓராங் ஊத்தான் எல்லாவற்றுக்கும் 24 ஜோடி. ஒரு ஜோடி எங்கே போனது? 'இதோ, வேற்றுக்கிரகவாசி வெட்டி ஒட்டிய இடம்' என்று வீடியோக்கள் குதிக்கும் இடம் இதுதான். 1991லேயே இதற்கு விடை கிடைத்துவிட்டது. நம் இரண்டாம் எண் குரோமோசோமில், இரண்டு பழைய குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்ட தழும்பு இருக்கிறது. நுனியில் மட்டுமே வர வேண்டிய எழுத்து வரிசை நடுவில் கிடக்கிறது. இப்படி ஒட்டிக்கொள்வது வேறு விலங்குகளிலும் நடக்கிறது. இன்றும் சில மனிதர்களிடம் வேறு குரோமோசோம்கள் ஒட்டிய நிலையில் இருக்கின்றன. அவர்களில் பலர் நலமாகவே வாழ்கிறார்கள். நறுக்கென்று வேலை செய்யத் தெரிந்தவன் பழைய நுனியைக் கிழிசலாக நடுவில் விட்டுவைக்க மாட்டான்.

இரண்டாவது, வைட்டமின் சி. ஆடு கொய்யாப்பழம் தின்னாவிட்டாலும் அதற்கு வைட்டமின் சி குறைவு வராது. அதன் உடலே தயாரித்துக்கொள்ளும். நாய்க்கும் அப்படித்தான். நமக்கு மட்டும் ஏன் முடியவில்லை? தயாரிக்கும் மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் குரங்குகளிடமும் அதே மரபணு அதே மாதிரி உடைந்து கிடக்கிறது. ஆசிரியர்களுக்கு இது புரியும். எஸ்.பி.எம். தேர்வில் இரண்டு மாணவர்கள் சரியான பதிலை ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வராது. இருவரும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை செய்திருந்தால்? ஒரே தாளைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நமக்கும் குரங்கினத்துக்கும் மூதாதை ஒன்று என்பதற்கு இந்தப் பிழையே சாட்சி.

மூன்றாவது, பழைய வைரஸ்கள். நம் மரபணுவில் சுமார் 8 விழுக்காடு, என்றோ நம் முன்னோர் உடலுக்குள் புகுந்து தங்கிவிட்ட வைரஸ்களின் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை சிம்பன்சியிடமும் அதே இடத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து நம் மரபணுவுக்குள் நுழைந்தது ஏதாவது உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் நுழைந்தது கிரகவாசியல்ல, கிருமி.

'குரங்கை வைத்துத்தான் செய்தார்கள்' என்றால்?

இந்தக் கட்சிக்காரர்களிடம் ஒரு நல்ல மறுப்பு இருக்கிறது. அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'அவர்கள் குரங்கை அடிப்படையாக வைத்து அதன்மேல் சிலவற்றைச் சேர்த்தார்கள். ஆகவே பழைய பிழைகள் அப்படியே இருக்கத்தானே செய்யும்?' என்று கேட்பார்கள்.

சரி, சேர்த்தது எங்கே? மூளை வளர்ச்சியோடு சம்பந்தப்பட்ட 'ஹார்-1' என்ற 118 எழுத்துப் பகுதியைக் காட்டுவார்கள். கோழிக்கும் சிம்பன்சிக்கும் இடையே அதில் 2 எழுத்துதான் வித்தியாசம். நமக்கும் சிம்பன்சிக்கும் 18 எழுத்து வித்தியாசம். இது வியப்பான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது புதிதாகச் செருகிய துண்டல்ல. இருந்த வரியிலேயே எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறியிருக்கின்றன. அப்படி மாறுவது அன்றாடம் நடப்பது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் தாய் தகப்பனிடம் இல்லாத சுமார் 60 முதல் 70 புதிய எழுத்து மாற்றங்கள் இருக்கின்றன. உங்கள் பேரனிடமும் உண்டு. நமக்கும் சிம்பன்சிக்கும் இடையே உள்ள சுமார் 3.5 கோடி எழுத்து வித்தியாசமும் இப்படிப் பல இலட்சம் ஆண்டுகளில் சேரக்கூடியதுதான்.

காலக் கணக்கும் இடிக்கிறது. ஒரே நாளில் சோதனைக்கூடத்தில் செய்த வேலையென்றால் எல்லா மாற்றங்களும் ஒரே வயதில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தின் மரபணுவை ஸ்வாந்தே பாபோ குழுவினர் 2010ல் படித்தார்கள். அதற்காக அவருக்கு 2022ல் நோபல் பரிசு கிடைத்தது. நம்மிடமும் சுமார் 2 விழுக்காடு அவர்களுடைய மரபணு இருக்கிறது. நாம் பார்த்த குரோமோசோம் ஒட்டுத் தழும்பு, அவர்களுக்கு நெருங்கிய உறவான டெனிசோவன்களிடமும் இருக்கிறது. அதாவது நம் இனம் தோன்றுவதற்கு முன்பே ஒட்டிவிட்டது. சில மாற்றங்கள் அதற்கு முந்தியவை. சில நேற்று வந்தவை.

'இயற்கை செய்தது போலவே கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்' என்று சொன்னால் அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை. எந்தத் தடயமும் இல்லாத திருட்டுக்கு யார்மேலும் பழி போடலாம். அது விஞ்ஞானம் ஆகாது.

ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம்

தாய்மார்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். 'ஆர்.எச். நெகட்டிவ் இரத்தம் உள்ளவர்கள் வேற்றுக்கிரக வம்சம்' என்று ஒரு கதை சுற்றுகிறது. நம் நாட்டில் இந்த இரத்தம் குறைவு. மலாய்க்காரர், சீனர்களைவிட இந்தியர்களிடம் சற்று அதிகம். நம்மவர்களில் பெரும்பாலும் இதற்குக் காரணம் ஒரு மரபணு முழுதாக இல்லாமல் போனதுதான். ஒன்று குறைந்ததை வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒன்று சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

கர்ப்பிணிக்கு ஆர்.எச். நெகட்டிவ் என்று மருத்துவமனையில் சொன்னால் பெருமையும் வேண்டாம், பயமும் வேண்டாம். வயிற்றில் இருக்கும் பிள்ளை பாசிட்டிவாக இருந்தால், அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வராமல் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. டாக்டர் சொல்லும் நேரத்தில் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கதையை நம்பி ஊசியை விட்டுவிடக் கூடாது.

மண்ணுக்கடியில் கிடைத்த சாட்சி

மரபணுவை விட்டுவிட்டு எலும்புக்கும் கல்லுக்கும் வருவோம். நமக்குப் பக்கத்து ஜாவா தீவில் 1891ல் யூஜின் துபுவா நிமிர்ந்து நடந்த ஆதிமனிதனின் எலும்பைக் கண்டெடுத்தார். எத்தியோப்பியாவில் 1974ல் கிடைத்த 'லூசி' 32 இலட்சம் ஆண்டு பழையவள். அவள் மூளை நம் மூளையில் மூன்றில் ஒரு பங்குதான். மொராக்கோவில் கிடைத்த, 2017ல் வயது அறிவிக்கப்பட்ட எலும்புகள் சுமார் 3 இலட்சம் ஆண்டு பழையவை. முகம் ஏறக்குறைய நம் முகம், மண்டையோட்டின் வடிவம் மட்டும் பழையது. குதித்து வரவில்லை, படிப்படியாக வந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் அதே கதைதான். 1863ல் இராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு திருவள்ளூர் வட்டாரத்து அத்திரம்பாக்கமும் தெரியவந்தது. அங்கே சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டு தோண்டி, சுமார் 15 இலட்சம் ஆண்டுப் பழமையான கைக்கோடரிகள் இருப்பதாக 2011ல் அறிவித்தார்கள். சுமார் 3 இலட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கியதாக 2018ல் சொன்னார்கள். கல்லைத் தட்டிப் பழகி, அதைத் திருத்தி, சிறிதாக்கி, கூராக்கி வந்திருக்கிறார்கள். அத்தனையும் கைப்பழக்கம்.

நம் மலேசியாவிலோ லெங்கோங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2012ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்கே புக்கிட் புனோவில் பழங்காலத்தில் ஒரு விண்கல் மோதியிருக்கிறது. ஆகவே லெங்கோங்கில் வானத்திலிருந்து ஒன்று விழுந்தது உண்மை. விழுந்தது கல்.

அதே பள்ளத்தாக்கில், குனோங் ருந்தோ குகையில், 1991ல் சுரைனா மஜிட் தலைமையில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழுவினர் ஒரு முழு எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள். 'பேரா மனிதன்' என்று நாம் அழைப்பது அவரைத்தான். சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். அவருக்கு மரபணுக் கோளாறால் பிறவியிலேயே இடது கை ஊனம். வேட்டையாடிப் பிழைக்கும் காட்டு வாழ்க்கையில் ஒரு கை பலமில்லாதவர் எத்தனை நாள் தாங்குவார்? ஆனால் அவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார். இறந்தபின் கால்களை மடக்கி, கற்கருவிகளும் இறைச்சியும் நத்தைகளும் வைத்து மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். சுற்றியிருந்தவர்கள் அவரைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கூலி வேலைக்கென்று தயாரித்த இனமாக இருந்தால் வேலைக்கு உதவாதவரை எறிந்திருக்கும். நம் முன்னோர் அப்படிச் செய்யவில்லை.

பிறர் உழைப்பைத் திருடாதீர்கள்

இந்தக் கதையில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எகிப்தின் பிரமிடு, இன்காக்களின் கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில் என்று இவர்கள் காட்டும் அதிசயங்களைப் பாருங்கள். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களை அதிகம் காட்டமாட்டார்கள். 'இவர்களால் எப்படிக் கட்டியிருக்க முடியும்?' என்ற கேள்வி பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களைப் பார்த்தே வருகிறது.

தஞ்சைக் கோயில் 1010ல் முடிந்தது. கட்டிய தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆடிய நானூறு பெண்களின் பெயர் இருக்கிறது. விளக்குக்கு நெய் கொடுக்க ஆடு மாடு பெற்றுக்கொண்டவர்களின் பெயர் இருக்கிறது. இத்தனை பேரின் பெயரையும் அழித்துவிட்டு 'வேற்றுக்கிரகவாசி' என்று எழுதுவது, தாத்தா இரத்தம் சிந்திக் கட்டிய வீட்டுக்கு யாரோ ஒருவன் பட்டா வாங்குவதைப் போன்றது.

இனிமேல் கைவைக்கப்போவது யார்?

மனித மரபணுவில் யாரும் கைவைத்ததே இல்லையா? வைத்திருக்கிறார்கள். 2018 நவம்பரில் சீனாவின் ஹே ஜியன்குய் என்ற விஞ்ஞானி, கருவிலேயே மரபணு திருத்திய இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருப்பதாக அறிவித்தார். உலகமே கண்டித்தது. 2019ல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அவர் செய்த வேலையை ஆராய்ந்தவர்கள் அது அரைகுறை என்பதையும் கண்டுகொண்டார்கள். மனிதனின் மரபணுவைத் திருத்திய ஒரே இனம் மனித இனம்தான்.

அதே கருவியால் நல்லதும் நடக்கிறது. நம் நாட்டில் தலசீமியா ஒரு பெரிய பாரம். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். மாணவர்களுக்குப் பள்ளியில் இரத்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான். இந்த மரபணு ஏன் இப்படிப் பரவியது? ஒரு பிரதி மட்டும் வைத்திருப்பவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. இரண்டு பிரதி வந்துவிட்டால் நோய். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கும் ஜி சிக்ஸ் பி டி குறையும் மலேரியாவோடு தொடர்புடையதே. பாச்சை உருண்டை வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்வது அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். கொசுவோடு போராடி நம் முன்னோர் உடல் கண்டுபிடித்த அவசரச் சமாளிப்பு இது. கெட்டிக்காரப் பொறியாளன் எவனும் இப்படி வடிவமைக்க மாட்டான்.

2023 நவம்பரில் பிரிட்டன் ஒரு புதிய சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜை அணுக்களை எடுத்து, மரபணுவைத் திருத்தி, திரும்ப உடலில் ஏற்றுவது. தலசீமியா நோயாளிகள் பலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே நின்றுபோயிருக்கிறது. இன்னும் விலை மிக அதிகம். ஏழைக் குடும்பத்துக்கு அது எப்போது எட்டும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி. மரபணுவில் யார் கைவைக்கலாம், எதற்காக, யார் செலவில், யார் சம்மதத்தோடு? இவற்றை முடிவு செய்யப்போகிறவர்கள் வானத்திலிருந்து வரமாட்டார்கள். இன்று படிவம் நான்கில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள்தான்.

ஆகவே பெற்றோரே, பிள்ளை அடுத்த முறை அப்படி ஒரு வீடியோவைக் காட்டினால் விரட்டாதீர்கள். கூட உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இதைச் சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? அதை வேறு யாராவது சரிபார்த்தார்களா? எது கிடைத்தால் தான் சொன்னது தவறு என்று இவர் ஒப்புக்கொள்வார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதைக் கதையாக இரசித்துவிட்டு விட்டுவிடலாம். பிறகு விடுமுறையில் ஒருநாள் பிள்ளையை லெங்கோங்குக்கு அழைத்துப் போங்கள். பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பு ஒரு கை ஊனமானவரைக் கைவிடாமல் காப்பாற்றிய மனிதர்கள் வாழ்ந்த மண்ணை அவன் பார்க்கட்டும். நம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அங்கே நிறைய இருக்கிறது.